நோன்புக் கஞ்சியும் பாலித்தீன் கவரும்



ரமலான் மாதத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்பு தூக்குகள் வரிசை கட்டி நிற்கும் காட்சியை நம்மில் நடுவயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க முடியாது. ஆள் நிற்க வேண்டியதில்லை. தூக்கு நின்றால் போதும். பித்தளைத் தூக்கு, எவர்சில்வர் தூக்கு, மூடி தொலைந்துபோய்த் தட்டைக் கவிழ்த்து வைத்த அலுமினியச் சட்டி என்று எத்தனையோ விதம். எது யார் வீட்டுடையது என்பது கஞ்சி ஊற்றும் மோதினாருக்குத் தெரியும். அந்த வீட்டில் எத்தனை பேர் நோன்பு என்பதும் தெரியும். மாற்று மதச் சகோதரர்கள் வீட்டுத் தூக்கும் அந்த வரிசையில் ஒன்றிரண்டு இருக்கும். பிள்ளைக்கு மேல் சரியில்லை, கொஞ்சம் கஞ்சி கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

சென்ற ரமலானில் காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு பள்ளிவாசலில் அஸர் தொழும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. வாசலில் ஏழெட்டுத் தூக்குகள்தாம் இருந்தன. மற்றவர்கள் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். அண்டாவிலிருந்து ஆவி பறக்க எடுத்த கஞ்சியை மெல்லிய பாலித்தீன் கவரில் ஊற்றி, வாயை நூலால் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுவன் கவரை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, சூடு பொறுக்காமல் கைக்குக் கை மாற்றியபடி நடந்தான். தெருமுனையில் முடிச்சு நழுவிக் கஞ்சி முழுவதும் மண்ணில் கொட்டிவிட்டது. பிள்ளை அழவில்லை. காலிக் கவரைப் பிடித்தபடி திரும்பி வந்து, "சாச்சா, இன்னொரு கவர் குடுங்க" என்றான். கஞ்சி என்று அவன் சொல்லவில்லை. கவர் என்றுதான் சொன்னான்.

அவன் மீது குற்றமில்லை. அவன் பிறந்தது முதல் பால் கவரில் வருகிறது, மாவு கவரில் வருகிறது, கறி கவரில் வருகிறது, கஞ்சியும் கவரில் வருகிறது. பொருளுக்கும் கவருக்கும் வேறுபாடு தெரியாமல் ஒரு தலைமுறையை நாம் வளர்த்திருக்கிறோம். இதை மாற்றக் குடும்பத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் 'துணிப்பை பயன்படுத்துங்கள்' என்று ஒரு வரியில் சொல்லிப் போய்விடுவது சுலபம். கறியும் மீனும் தயிரும் வாங்கும் வீட்டில் அந்த ஒரு வரி அரை நாள்கூட நிற்காது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 25-6-2018 அன்று தடை ஆணை பிறப்பித்தது. அது 1-1-2019 முதல் நடைமுறைக்கு வந்தது. கைப்பை விஷயத்தில் மெல்லியது, தடித்தது என்ற பேதமே நம் மாநிலத்தில் இல்லை. நாடு முழுவதற்குமான தடையில் 1-7-2022 முதல் ஸ்பூன், தட்டு, உறிஞ்சு குழாய் போன்றவை அடங்கின. கைப்பைக்கு 120 மைக்ரான் தடிமன் வேண்டும் என்பது அந்த ஆண்டு இறுதியில் வந்தது. இடையில் 23-12-2021 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்கள்கூட வந்துவிட்டன. ஆயினும் கஞ்சிக் கவர் போகவில்லையே, ஏன்?

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களின்போது டாக்கா நகரின் வடிகால்களைப் பாலித்தீன் பைகள் அடைத்துக்கொண்டதைக் கண்ணால் கண்ட பிறகு, 2002ஆம் ஆண்டில் அந்நாடு மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடை செய்தது. உலகிலேயே இவ்வாறு தடை செய்த முதல் நாடு அதுவே. சணல் விளையும் மண். மாற்றுப் பைக்குப் பஞ்சமில்லை. இருந்தும் சில ஆண்டுகளில் கவர்கள் கடைக்குத் திரும்பிவிட்டன. 2024 அக்டோபரில் பெரிய கடைகளிலும், நவம்பரில் காய்கறிச் சந்தைகளிலும் அதே தடையைப் புதிதாக அமல்படுத்த வேண்டிய நிலை வந்தது. சட்டம் கடை வாசல் வரைதான் வரும். வீட்டு வாசலில் பையை எடுத்துக்கொண்டு புறப்படுவது வீட்டாரின் வேலை.

இனி நம்மூர்ச் செய்திக்கு வருவோம். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது தாமல். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இவ்வூர் ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிறைந்தால்தான் கீழே உள்ள நிலங்களுக்கு உயிர். மழை ஓய்ந்த ஒரு காலையில் கரை மீது நடந்தால் தண்ணீர் எதை ஒதுக்கிக் கொண்டுவந்திருக்கிறது என்பது தெரியும். வேலிகாத்தான் முள்ளில் கிழிந்து தொங்குபவை, வாய்க்கால் வளைவில் மண்ணோடு மண்ணாய்ப் பாதி புதைந்து கிடப்பவை, எல்லாம் கவர்களே. நகைக்கடைக் கவர், துணிக்கடைக் கவர், பிரியாணிக் கவர். எந்தக் கூட்டத்தார் வீட்டிலிருந்து வந்தவை என்று அவற்றில் எழுதியிருக்காது. எல்லார் வீட்டிலிருந்தும் வந்தவை. நீர்நிலையின் ஓரத்திலும், நடைபாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அங்கே பேசப்பட்டது மலஜலம் கழிப்பது பற்றி. அது நாளடைவில் மட்கிவிடும். நாம் போடுவது நம் பேரப்பிள்ளை காலத்திலும் கிடக்கும்.

நம் தெருவில் பால் ஊற்றிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் பசு இறந்துபோனதைச் சொல்ல வேண்டும். சினையாக இருந்த பசு. நாலைந்து நாள் தீனி எடுக்கவில்லை, வயிறோ உப்பியிருந்தது. மருத்துவர் வந்து பார்க்கும்போது காலம் கடந்துவிட்டது. பிறகு வயிற்றைக் கிழித்துப் பார்த்ததில் கவர்கள் கயிறு கயிறாய் முறுக்கிக்கொண்டு பந்து போல் இருந்தன. பசு முதலில் மெல்லாமல் விழுங்கும். பின்னர் சாவகாசமாக அசைபோடும். விழுங்கிய கவர் அதன் முதல் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. செரிப்பதுமில்லை, கீழே இறங்குவதுமில்லை. வயிறு நிறைந்திருப்பதாய் உணர்ந்து பசு தீனியை விடுகிறது; பட்டினியால் சாகிறது. இது நம் தெருவுக்கு மட்டும் உள்ள கதையல்ல. நாட்டின் பல நகரங்களில் அறுவை செய்து மாட்டின் வயிற்றிலிருந்து பல கிலோ பிளாஸ்டிக்கை எடுத்திருக்கிறார்கள்.

பசு ஏன் கவரைத் தின்கிறது? நாம்தான் ஊட்டுகிறோம். மீந்த சோறு, காய்த்தோல், பழத்தோல் எல்லாவற்றையும் கவரில் திணித்து, நாற்றம் வெளியே வராமல் இறுக்கி முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வைக்கிறோம். மாட்டுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியாது. அந்தப் பசுவின் விலையை எந்த வீட்டில் வசூலிப்பது? தெருவில் இருபது வீடுகள். நம் வீடும் அந்த இருபதில் ஒன்று. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம். அடியார்களுக்கு இழைத்த அநீதியை அவர்கள் மன்னித்தாலன்றித் தீராது என்றும் சொல்லிக்கொடுக்கிறோம். அன்று மாலை அந்தப் பால்காரம்மாவின் முகத்தைப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருந்தது. அவர் நம்மை ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கவர் எப்படிப் பிறந்தது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கதே. ஸ்வீடன் நாட்டின் ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்ற பொறியாளர், ஒரே தாளாக வெட்டி ஒட்டி, கைப்பிடியோடு கூடிய பாலித்தீன் பையை வடிவமைத்தார். 1965இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம், இது கிழியாது, திரும்பத் திரும்பப் பயன்படும் என்பது அவர் எண்ணம். அவரே ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவாராம். செய்தவர் பல நாள் உழைக்கச் செய்தார். நாம் கடையிலிருந்து வீடு வரை பத்து நிமிடம் பயன்படுத்துகிறோம். பொருளில் இருந்ததைவிடக் கையில்தான் கோளாறு அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே கோளாறு துணிப்பையிலும் வரும் என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. புதிய பருத்திப் பை ஒன்றைச் செய்யப் பருத்தி விளைவிக்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், நூற்று நெய்து சாயமிட வேண்டும். வெப்பமாதலை மட்டும் கணக்கிட்டால் அந்தப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் ஒரு பாலித்தீன் பைக்கு ஈடாகும். எல்லாவிதப் பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 7,100 தடவை என்றார்கள். வாரம் இருமுறை கடைக்குப் போகிறவருக்கு 52 தடவை என்பது ஆறு மாதம். 7,100 தடவை என்பது 68 ஆண்டு! ஏரியில் மிதக்கும் கவரையும் பசுவின் வயிற்றையும் அந்தக் கணக்கில் அவர்கள் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆயினும் கடைதோறும் பத்து ரூபாய்க்கு ஒரு துணிப்பை வாங்கி, வீட்டில் நாற்பது பையைக் குவித்து வைத்திருப்பவர் கவரை விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ள முடியாது. இஸ்ராஃப் என்னும் வீண் விரயம் பருத்தியிலும் இஸ்ராஃப்தான். வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று திருமறையின் 17ஆவது அத்தியாயம் வர்ணிக்கிறது. எந்தப் பொருள் என்று விலக்கு எதுவும் அங்கே இல்லை.

ஆகவே புதுப் பை வாங்காதீர்கள். இருக்கும் துணியில் தையுங்கள். பழைய துணிக்கு மேற்படி கணக்கு பொருந்தாது. அதற்காகப் புதிதாக ஒரு பருத்திச் செடியும் விளைய வேண்டியதில்லை. வீட்டு ஆண்களின் பழைய கைலி இதற்கு மிக உகந்தது. மூட்டைப் பிரித்தால் சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம் கிடைக்கும். 45 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் மடித்து, இரு பக்கமும் இரட்டைத் தையல் போட்டால் ஒரு பை. மீதியுள்ள நீளப்பட்டியை நான்காக மடித்துத் தைத்தால் காது. உட்கார்ந்து உட்கார்ந்து நைந்துபோன பகுதியைத் தள்ளிவிட்டால் மூன்று பை தேறும். துணி நன்றாயிருந்தால் நான்கு. காதைத் தைக்கும்போது ஒரு சதுரமும் அதனுள் பெருக்கல் குறியுமாகத் தைக்க வேண்டும். பை கிழிவதெல்லாம் அந்த இடத்தில்தான். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைச் செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஆகவே இது பெண்களின் வேலை என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை!

ஹிஜ்ரத் பயணம் நினைவுக்கு வருகிறது. நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் புறப்பட்டபோது கட்டுச்சோற்றுப் பையின் வாயைக் கட்டக் கயிறில்லை. அன்னை அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். 'இரு கச்சைக்காரர்' என்ற சிறப்புப் பெயர் அவர்களுக்கு அதனால்தான் வந்தது. நம் நன்னிமார்களின் இடுப்பிலும் ஒரு சுருக்குப்பை இருந்தது. அவர்கள் வஃபாத்தான பின்பும் அந்தப் பை இருந்தது.

ஒரு எச்சரிக்கை. துணிக்கடைகளிலும் திருமண வீடுகளிலும் தரும் சில பைகள் துணி போலவே இருக்கும்; வழவழப்பான சிவப்பு, பச்சை நிறங்களில் வரும். அவை துணியல்ல, பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை இழையாக்கி, சூட்டில் அழுத்தி ஒட்டியவை. தமிழகத் தடைப் பட்டியலில் இவையும் உண்டு. காஞ்சிபுரத்து மக்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. தறி ஓசை கேட்டு வளர்ந்தவர்கள்தாமே! வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாவும் இல்லை, ஊடையும் இல்லை; புள்ளி புள்ளியாய் அழுத்திய தடம்தான் தெரியும். ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பார்த்தால் நூலே வராது. நிக்காஹ் வீட்டார் தேங்காய், பழம் போட்டுக் கொடுக்கும் பையை உண்மையான பருத்தியில் கொடுத்தால் பத்தாண்டு அந்தப் பை மணமக்களின் பெயரைச் சுமக்கும்.

இனி ஈரமான பொருள்கள். துணிப்பைப் பிரசாரம் தோற்றுப்போவது இங்கேதான். சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் காய்கறியோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்மார்கள் சிலர் நம்மிடம் கேட்டார்கள்: "துணிப்பையில் கறி வாங்கினால் இரத்தம் பட்டு நஜீஸ் ஆகிவிடாதா? அந்தப் பையைத் தொழுகை அறையில் எப்படி வைப்பது? கவரென்றால் எறிந்துவிடலாமே." நியாயமான கேள்வி. அறுக்கும்போது பீறிட்டு ஓடும் இரத்தமே நஜீஸ். முறைப்படி அறுத்த பின் இறைச்சியிலும் நரம்பிலும் தங்கியிருப்பது மன்னிக்கப்பட்டது என்று ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. எனினும் சந்தேகமும் வேண்டாம், வாடையும் வேண்டாம். கறிக்கும் மீனுக்கும் பை எதற்கு? மூடியுள்ள எவர்சில்வர் சம்படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் முதலில் வெறும் சம்படத்தைத் தராசில் வைத்து எடையைக் கழித்துக்கொள்வார். கழிக்க மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள், அளவையில் குறை வராது. வீட்டுக்கு வந்ததும் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்துக் கழுவினால் மாலையில் அதே சம்படத்தில் இட்லி மாவு வாங்கலாம். பிரியாணிக்கு டிபன் கேரியர். எண்ணெய்க்குப் பழைய புட்டி. தயிருக்குத் தூக்கு. ஒன்றும் புதிதல்ல, எல்லாம் பரணில் இருக்கின்றன.

சூடான பொருளைக் கவரில் வாங்குவது உடலுக்கும் நல்லதல்ல. சூடும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள இரசாயனங்கள் உணவில் இறங்கக்கூடும். இதைவிடக் கேடு, காலிக் கவரை விறகடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்துவது. அந்தக் கரும்புகையைச் சுவாசிப்பது அடுப்பின் அருகே நிற்கும் பெண்ணும் இடுப்பிலிருக்கும் குழந்தையும்தான். அதைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி இறைச்சி தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. மூன்று பங்கில் உறவினர் பங்கும் ஏழைகள் பங்கும் வீடு வீடாகப் போகின்றன. முற்காலத்தில் மரவை, தாம்பாளம், தேக்கிலைப் பொட்டலம் என்று போயிற்று. இன்று ஒரு மாட்டுக்கு ஐம்பது அறுபது கவர். அன்று மாலையே அவை இரத்த வாடையோடு குப்பைமேட்டில் கிடக்கின்றன; நாய்கள் இழுத்துத் தெருவெல்லாம் பரப்புகின்றன. பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று அறிந்தவர்கள் வணக்கம் செய்த நாளிலேயே பாதையில் தொல்லையைப் போடுகிறோம். மூன்று குடும்பங்கள் கூடி ஒரு வழி செய்து பார்த்தோம். பெருநாளைக்கு முந்தின நாள், பங்கு பெறும் வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினோம்: "நாளைக்குப் பிள்ளையிடம் ஒரு பாத்திரம் கொடுத்தனுப்புங்கள்." பாதிப் பேர் அனுப்பினார்கள். அனுப்பாதவர்களுக்கு நம் வீட்டுப் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தோம்; இரண்டு பாத்திரம் திரும்பி வரவில்லை, ஒன்று ஒரு மாதம் கழித்துப் பாயசத்தோடு வந்தது. வெளியூர் ஏழைகளுக்கு இலைப் பொட்டலம் கட்டினோம். தேக்கிலை போதவில்லை, வாழையிலையை அடுப்பனலில் வாட்டிக் கட்ட வேண்டியதாயிற்று. சிரமம்தான். ஒன்றும் சிரமமில்லை என்று பொய் சொல்ல மாட்டோம்.

அடுத்த தடை வெட்கம். மஞ்சப்பையோடு வருகிறவனைப் பட்டிக்காட்டான் என்று நகரத்தார் கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கேலிக்குப் பயந்துதான் நம் இளைஞர்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகப் பழகினார்கள். நம் வீட்டுப் பையனே கைலித் துணிப் பையைத் தொட மறுத்தான். திட்டவில்லை. அவன் அத்தாவின் பழைய கட்டம்போட்ட சட்டையில் ஒரு பை தைத்துக் கொடுத்தோம், அதை வாங்கிக்கொண்டான். பிள்ளைகளோடு இந்த அளவுக்கு உடன்பட்டுப் போகலாம்.

கடைசித் தடை மறதி. நாணயமாகச் சொன்னால் பெரிய தடை இதுவே. பை இருக்கிறது, ஆசை இருக்கிறது. கடையில் நிற்கும்போதுதான் பை வீட்டில் இருப்பது நினைவுக்கு வருகிறது. நாமும் பல நாள் இப்படி நின்றிருக்கிறோம். பையை அலமாரியில் மடித்து வைத்தால் மறதி வரும். வாசற்கதவின் உட்புறம், செருப்பு மாட்டும் இடத்துக்கு மேலே ஓர் ஆணி அடித்து அதில் மாட்டுங்கள். சாவியையும் அதே ஆணியில் மாட்டினால் பையைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது. இருசக்கர வண்டியின் பெட்டியில் ஒன்று கிடக்கட்டும். ஒருவேளை மறந்தே போனால், கையில் அடங்கும் அளவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். அல்லது தோளில் கிடக்கும் துண்டில் முடிந்து வாருங்கள். ஒருமுறை முட்டைக்கோசையும் தக்காளியையும் துண்டில் முடிந்து தாமல் வரை பஸ்ஸில் வந்தோம். அதற்குப் பிறகு பையை மறந்ததில்லை. சிறிதாயினும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் உகந்தது என்ற நபிமொழியை நாம் தஹஜ்ஜுத் தொழுகைக்கும் திக்ருக்கும் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

பைகளைத் துவைப்பது பற்றி ஒரு வார்த்தை. காய்கறிப் பையில் கீரை மண்ணும் அழுகிய தக்காளிச் சாறும் ஒட்டும். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டு அலசி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயவையுங்கள். மளிகைப் பை வேறு, காய்கறிப் பை வேறு என்று நிறத்தால் பிரித்துக்கொள்வது நலம். மீன் சம்படத்தை எக்காரணம் கொண்டும் கைலிப் பைக்குள் சாய்த்து வைக்க வேண்டாம். மூடி எவ்வளவு இறுக்கமாயிருந்தாலும் சாறு கசியும். வரும் ரமலானுக்கு முன்பாகப் பரணிலிருக்கும் தூக்கை இறக்கி, மூடி பொருந்துகிறதா என்று பார்த்து வையுங்கள். கைப்பிடி ஆடினால் இப்போதே தட்டி இறுக்கிக்கொள்ளலாம். அஸருக்குப் பிறகு கஞ்சி வரிசையில் நின்றுகொண்டு அதைச் சரிசெய்ய முடியாது.